பட்டமளிப்பு அங்கி: ஏற்றத்தாழ்வை மறைக்க வந்த உடை, செலவுச் சுமையாக மாறுவது ஏன்?

திருவனந்தபுரம்: கல்வியாண்டு நிறைவடையும் மார்ச் மாதத்தில் நாட்டின் பல நகரங்களில் தனியார் பள்ளிகள் ‘பட்டமளிப்பு விழா’ நடத்துவது வழக்கமாகி வருகிறது. மழலையர் வகுப்பை முடித்த ஐந்து வயதுக் குழந்தை முதல் பிளஸ் டூ முடித்த மாணவர் வரை கறுப்பு அல்லது நீல நிற அங்கியும், குஞ்சம் தொங்கும் சதுரத் தொப்பியும் அணிந்து மேடையேறுகின்றனர். புகைப்படத்தில் அழகாகத் தோன்றும் இந்த உடைக்கான கட்டணம், பெரும்பாலும் பெற்றோரிடமிருந்தே வசூலிக்கப்படுகிறது.

இந்த உடை எங்கிருந்து வந்தது, பள்ளிச் சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, இதற்கு ஆகும் செலவு என்ன, கேரளத் தலைநகரில் இதற்கு மாற்று உண்டா என்பன குறித்த விளக்கம் வருமாறு.

சான்றிதழுக்கு அங்கி தேவையா?

தேவையில்லை. இந்தியாவில் ‘பட்டம்’ வழங்கும் உரிமை, 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி, பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. எனவே பள்ளிகள் நடத்தும் நிகழ்ச்சி எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், அது சட்டப்படி பட்டமளிப்பு ஆகாது. அது ஒரு பாராட்டு விழா அல்லது பிரிவுபசார விழா மட்டுமே.

கேரளத்தில் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் ‘பரீட்சா பவன்’ நடத்துகிறது. ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தேர்வை எழுதுகின்றனர். சான்றிதழ் அவரவர் பள்ளி வழியாகவே மாணவர் கைக்கு வந்து சேருகிறது. டிஜிலாக்கர் செயலியிலும் அதைப் பெறலாம். விழாவில் பங்கேற்றாலும் பங்கேற்காவிட்டாலும் சான்றிதழின் மதிப்பில் எந்த மாற்றமும் இல்லை.

பல்கலைக்கழகங்களிலும் நிலை இதுவே. விழாவுக்கு நேரில் வராதவர்களும் பட்டச் சான்றிதழைப் பெற முடியும். மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாள்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1972-இல் முதல் பட்டமளிப்பு விழாவை நடத்திய பின், அடுத்த விழாவை 2018-இல்தான் நடத்தியது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அங்கு படித்தவர்கள் அனைவரும் விழா இன்றியே பட்டம் பெற்றவர்கள்.

குளிருக்காக உருவான உடை

அங்கியின் தொடக்கம் ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் உள்ளது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கல்வி திருச்சபையைச் சார்ந்தே இருந்தது. ஆசிரியரும் மாணவரும் மத குருமார்களைப் போலவே நீண்ட மேலங்கி அணிந்தனர். சூடேற்றும் வசதியற்ற கல் கட்டடங்களில் குளிரைத் தாங்க அது உதவியது. தலையை மூடிய துணியே பின்னர் முதுகில் தொங்கும் வண்ணப் பட்டையாக மாறியது. பட்டத்தையும் பாடப்பிரிவையும் குறிக்கும் நிறங்கள் இன்றும் அந்தப் பட்டையில்தான் இடம்பெறுகின்றன.

சதுரத் தொப்பியும் குருமார்கள் அணிந்த தொப்பியிலிருந்து வளர்ந்ததே. கொத்தனார்கள் சாந்தை ஏந்தப் பயன்படுத்தும் சதுரப் பலகையைப் போல இருந்ததால், ஆங்கிலத்தில் அதற்கு ‘மோர்ட்டர்போர்டு’ என்ற பெயர் அமைந்தது. தொப்பியை வானில் வீசும் வழக்கம் மிகவும் பிற்பட்டது. 1912-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அதிகாரிகளுக்கான புதிய தொப்பி வழங்கப்பட்டதால், இனித் தேவைப்படாத பழைய தொப்பிகளை அவர்கள் வீசினர். அதுவே இவ்வழக்கத்தின் தொடக்கமாகக் கூறப்படுகிறது.

பள்ளிகளுக்கு வந்தது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகள் 1895-இல் அங்கிகளுக்கான பொது விதிகளை வகுத்தன. இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்குத் தனித்தனி கை அமைப்புகள் அப்போது முடிவு செய்யப்பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த உடை உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது.

இதற்குக் கூறப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி நிறைவு விழாக்களில் மாணவியரின் வெண்ணிற ஆடைகளும் மாணவர்களின் புதிய கோட்டுகளும் செலவுப் போட்டியாக மாறியிருந்தன. ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்கும் நிலையும், சில பிள்ளைகள் விழாவுக்கே வராமல் ஒதுங்கும் நிலையும் ஏற்பட்டன. எல்லோரும் ஒரே அங்கியை அணிந்தால் உள்ளே என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பது தெரியாது, செலவும் குறையும் என்று பள்ளிகள் கருதின. ஆக, பள்ளி மாணவர்களின் அங்கி செல்வ வேறுபாட்டை மறைக்கும் மலிவான வழியாகவே அறிமுகமானது.

இந்த வாதம் இன்றும் உயிருடன் உள்ளது. பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதும்போதும் அங்கி அணிவது மரபு. அதைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டுமா என்று 2015-இல் மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் மரபைத் தொடர வேண்டும் என்று வாக்களித்தனர். ஒரே உடையில் இருக்கும்போது யார் எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர் என்பது தெரிவதில்லை என்பது ஆதரவாளர்கள் முன்வைத்த காரணங்களுள் ஒன்று.

செலவைக் கூட்டுவது எது?

அங்கியின் துணி விலை உயர்ந்தது அன்று. இன்று விற்பனையாகும் பெரும்பாலான அங்கிகள் பாலியஸ்டர் துணியில் தைக்கப்பட்டவை. இந்தியாவில் ஒரு நாள் வாடகை பொதுவாகச் சில நூறு ரூபாய். அத்துடன் திருப்பித் தரக்கூடிய முன்பணம் ஒன்றும் பெறப்படும். தொப்பி தொலைந்தாலோ, அங்கியில் கறை படிந்தாலோ முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படும். பிரிட்டனில் பல்கலைக்கழக அங்கிக்கான வாடகையே சுமார் 50 பவுண்டு.

சுமை கூடுவது அங்கியுடன் சேர்த்து விற்கப்படும் பொருள்களாலும், கட்டாயத்தாலும்தான். புகைப்படம், சட்டமிட்ட சான்றிதழ், தோளில் அணியும் பட்டை, நினைவுப் பரிசு, விருந்து ஆகியவை ஒரே தொகுப்பாக்கப்பட்டு ஒரே கட்டணமாகக் கேட்கப்படும்போது, அங்கியின் உண்மையான விலை பெற்றோருக்குத் தெரிவதில்லை. குறிப்பிட்ட விற்பனையாளரிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு மாணவருக்கு ரூ.500 என்பது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் 40 பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு அது ரூ.20,000. அதே தொகையைக் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் நான்கு லட்சம் பேரும் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், ரூ.20 கோடி ஆகும். சில மணி நேரம் மட்டுமே அணியும் உடைக்கான தொகை இது. மாறாக, ஒரு பள்ளி 40 அங்கிகளை ஒருமுறை வாங்கிப் பராமரித்தால் பல ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் சலவைச் செலவு மட்டுமே ஏற்படும்.

குடும்பத்தில் இரண்டு, மூன்று பிள்ளைகள் படிக்கும்போதும், ஒரே பிள்ளைக்கு யு.கே.ஜி., ஐந்தாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என ஒவ்வொரு கட்டத்திலும் விழா நடத்தப்படும்போதும் இந்தச் செலவு திரும்பத் திரும்ப வருகிறது. கட்டணம் செலுத்த முடியாத பிள்ளை குழுப் புகைப்படத்தில் சீருடையுடன் தனியாக நிற்க நேர்ந்தால், வேறுபாட்டை மறைக்க வந்த உடையே வேறுபாட்டைக் காட்டும் அடையாளமாகிவிடுகிறது.

பிற நாடுகளின் விதிகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் கல்வித் துறை இதற்குத் தெளிவான விதிகளை வகுத்துள்ளது. நிறைவு விழா எளிமையாக நடத்தப்பட வேண்டும், அதற்காக மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது அங்குள்ள நிலைப்பாடு. சாதாரண உடை, முறையான உடை அல்லது பள்ளிச் சீருடையில் மாணவர்கள் வரலாம். விரும்பினால் அதன் மேல் ‘டோகா’ எனப்படும் அங்கியையோ ‘சப்லாய்’ எனப்படும் தோள்பட்டைத் துணியையோ அணியலாம்.

விதியை அளவுக்கு மீறிக் கடுமையாக்கினாலும் சிக்கல் வரும் என்பதற்கும் அந்நாடே சான்று. 2025 ஏப்ரலில் ஆண்டிக் மாகாணத்தில் ஒரு பள்ளி விழாவில், அங்கி அணிந்து வந்த மாணவர்களை அதைக் கழற்றுமாறு தலைமையாசிரியர் உத்தரவிட்டது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அங்கி கட்டாயம் அன்று, ஆனால் தடை செய்யப்பட்டதும் அன்று என்று கல்வித் துறை விளக்கம் அளித்தது.

அமெரிக்காவில் இன்னொரு கோணத்தில் விவாதம் நடக்கிறது. பூர்வகுடி மாணவர்கள் தங்கள் மரபின்படி கழுகு இறகையோ மணிவேலைப்பாட்டையோ தொப்பியில் அணியச் சில பள்ளிகள் தடை விதித்தன. இதையடுத்து கலிஃபோர்னியா உள்ளிட்ட மாநிலங்கள் அந்த உரிமையைச் சட்டமாக்கின. ஒக்லஹோமா மாநிலத்தில் 2023 மே மாதத்தில், ஆளுநர் நிராகரித்த மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிச் சட்டமாக்கியது.

இந்தியாவில் மாற்றத்துக்கான முயற்சிகள்

திருவனந்தபுரத்தில் உயர்கல்வி தொடங்கியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிழலில்தான். 1834-இல் பள்ளியாகத் தொடங்கி 1866-இல் கல்லூரியாக உயர்ந்த மகாராஜா கல்லூரி, இன்று ‘யுனிவர்சிட்டி கல்லூரி’ என்று அழைக்கப்படுகிறது. அங்கு படித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெற்றனர். ‘மனோன்மணியம்’ நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை அக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் உருவானது. அதுவே 1957-இல் கேரளப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த அங்கி மரபைத் தொடக்கத்திலேயே தவிர்த்த நிறுவனங்களும் உண்டு. ரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விஸ்வபாரதியில் வெண்ணிற இந்திய உடையும் மேல்துண்டும் அணியப்படுகின்றன. பட்டம் பெறுபவருக்கு ஏழிலைப்பாலை மரத்தின் இலைக்கொத்து வழங்குவதும் அங்குள்ள மரபு.

2010 ஏப்ரலில் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில் பங்கேற்ற அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மேடையிலேயே தன் அங்கியைக் கழற்றினார். அது காலனியாதிக்கத்தின் எச்சம் என்று அவர் விமர்சித்தது நாடு முழுவதும் விவாதமானது.

பல்கலைக்கழக மானியக் குழு 2015-இலும், மீண்டும் 2019-இலும் பட்டமளிப்பு உடைகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த காலநிலைக்குக் கைத்தறி ஏற்றது என்பதும், நெசவாளர்களின் வாழ்வாதாரத்துக்கு அது உதவும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், எய்ம்ஸ் உள்ளிட்ட தன் கீழுள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்கள் கறுப்பு அங்கியையும் தொப்பியையும் கைவிட்டு, அந்தந்த மாநிலத்தின் மரபுக்கேற்ற உடையை வடிவமைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. இந்த அறிவுறுத்தல் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. உதாரணமாக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழும், அதே வளாகப் பகுதியில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மாநில அரசின் கீழும் இயங்குகின்றன. தனியார் பள்ளிகளின் விழாக்களையும் அந்த அறிவுறுத்தல் கட்டுப்படுத்தாது.

15 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மாற்று

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழகப் பகுதியிலிருந்து சாலியர் குல நெசவாளர்கள் இங்கு குடியமர்த்தப்பட்டனர். மன்னரின் பெயரே ஊருக்கும் அமைந்தது. குழித்தறியில் கையால் ஓடத்தை வீசி நெய்யும் முறையும், கசவுக் கரையிட்ட மெல்லிய பருத்தித் துணியும் இவ்வூரின் அடையாளங்கள். பாலராமபுரம் சேலைகளும் மென்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றவை.

ஓணம் பண்டிகைக்கும், நவம்பர் 1-ஆம் தேதி கேரளப் பிறவி நாளுக்கும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கசவு வேட்டியும் செட்டு முண்டும் அணிந்து வருவது வழக்கம். எனவே பல வீடுகளில் இந்த உடை ஏற்கெனவே இருக்கிறது. அங்கிக்குப் பதிலாக அதையே நிறைவு விழாவுக்கும் ஏற்றுக்கொண்டால், அத்தகைய குடும்பங்களுக்குக் கூடுதல் செலவே இல்லை. புதிதாக வாங்கினாலும் மறுமுறை பயன்படும்.

ஆனால் இதிலும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கையால் நெய்த அசல் கசவு உடை, பாலியஸ்டர் அங்கியின் வாடகையை விடப் பல மடங்கு விலை கூடியது. அதைக் கட்டாயமாக்கினால், வீட்டில் இல்லாதவர்களுக்குச் சுமை குறையாமல் கூடவே செய்யும். கைத்தறியின் பெயரில் விசைத்தறித் துணியே விற்கப்பட்டால் நெசவாளருக்கும் பயன் இல்லை. இரண்டாவது, ஒரு வகுப்பில் பல சமயங்களையும் பல மாநிலங்களையும் சேர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மரபுடை என்று விதிப்பது புதிய சிக்கல்களைக் கொண்டுவரலாம்.

இவற்றுக்கு இடைப்பட்ட வழி, சீருடையின் மேல் அணியக்கூடிய ஒரு கைத்தறி மேல்துண்டு. துணி குறைவாகத் தேவைப்படும். அளவெடுத்துத் தைக்க வேண்டியதில்லை. பள்ளியே மொத்தமாக வாங்கி ஆண்டுதோறும் இரவல் தரலாம். மாணவர்களுக்கே கொடுத்தாலும் வீட்டில் பயன்படும்.

பள்ளிகளின் தேவையை நெசவாளரின் வேலையுடன் இணைப்பது கேரளத்துக்குப் புதிதன்று. 2017-18 முதல் மாநில அரசு, ஹான்டெக்ஸ், ஹான்வீவ் நிறுவனங்களின் வழியாகக் கைத்தறிப் பள்ளிச் சீருடைகளை இலவசமாக வழங்கி வருகிறது. கூலி நிலுவை குறித்த புகார்கள் அவ்வப்போது எழுந்தாலும், தறிகளுக்குத் தொடர்ச்சியான வேலை கிடைக்க இத்திட்டம் வழிவகுத்தது. நாடு முழுவதும் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்துள்ளது. அத்தகைய தொழிலுக்கு நிலையான ஒரு கொள்முதல் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

பெற்றோர் கேட்டறிய வேண்டியவை

பள்ளியிலிருந்து விழாக் கட்டணம் குறித்த சுற்றறிக்கை வந்தால், பணம் செலுத்துவதற்கு முன் பின்வரும் விவரங்களைக் கேட்டுப் பெறலாம்.

* பங்கேற்பு கட்டாயமா, விருப்பத்தின் பேரிலா?
* கட்டணத்தில் அங்கி, புகைப்படம், விருந்து ஆகியவற்றுக்குத் தனித்தனியே எவ்வளவு?
* அங்கி வாடகைக்கா, விலைக்கா? முன்பணம் எவ்வளவு, எத்தனை நாள்களில் திரும்பக் கிடைக்கும்?
* அங்கி இல்லாமல் சீருடையில் மேடையேற அனுமதி உண்டா?
* முந்தைய ஆண்டு மாணவர்களின் அங்கிகளைப் பயன்படுத்த முடியுமா?
* செலுத்தும் தொகைக்கு ரசீது தரப்படுமா?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளைப் பொறுத்தவரை, கட்டண விவரங்கள் முழுமையாகப் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், மறைமுகக் கட்டணங்கள் கூடாது என்று வாரியத்தின் 2018-ஆம் ஆண்டு இணைப்பு விதிகள் கூறுகின்றன. எனவே மேற்கண்ட விவரங்களைக் கேட்பதில் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. தனியாகக் கேட்கத் தயங்குவோர் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை எழுப்பலாம். கட்டணம் முடிவாவதற்கு முன்பே பேசினால் எளிதில் தீர்வு காண முடியும்.

பள்ளிகள் செய்யக்கூடியவையும் பல. ஒருமுறை வாங்கிய அங்கிகளைப் பாதுகாத்து இரவல் தருவது, அருகிலுள்ள பள்ளிகள் இணைந்து ஒரே தொகுப்பை மாறி மாறிப் பயன்படுத்துவது, மழலையர் வகுப்புகளுக்கு அங்கியின்றி எளிய விழா நடத்துவது ஆகியவை செலவைக் கணிசமாகக் குறைக்கும். கட்டணம் செலுத்த இயலாதவர்களின் பெயரை வெளியே சொல்லாமல் அவர்களுக்கும் அங்கி கிடைக்கச் செய்வது எல்லாவற்றிலும் முக்கியம்.

பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை முடித்த பிள்ளையை மேடையேற்றிப் பாராட்ட வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பம் நியாயமானது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களுக்கு அந்தப் புகைப்படம் பெரும் மதிப்புடையது. அந்த மகிழ்ச்சிக்கு அங்கி ஒரு வழி மட்டுமே. அதை எல்லோருக்கும் எட்டும்படி வழங்க முடிந்தால் வழங்கலாம். முடியாதபோது, எல்லோரிடமும் உள்ள பள்ளிச் சீருடையே ஏற்றத்தாழ்வைக் காட்டாத உடையாக இருக்கும்.